சோழர் காலக் கல்வெட்டுக்களில் ஊதியமும் குடும்ப நிலையும்

ஊதியம் என்பது ஒருவர் செய்த பணிக்கு அவர்க்கே அளிக்கப்பெறும் ஈடு என்று இக்காலத்தே கொள்கின்றோம். பணி செய்வான் நோயுற்றாலோ இறந்தாலோ அவன் குடும்பம் யாதாகும் என்பது தனிவினாவாகப் பின்னர் எழுகின்றது. சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுக்களை நோக்கின், இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே ஏற்பாட்டினுள் அடங்கியிருந்தமை புலனாகும். அவ்வேற்பாட்டின் இயல்பையும், அது காக்கத் தவறிய இடங்களையும் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் சொற்களை நோக்குதல் நலம். நிலையான பணியைக் குறிக்கும் 'காணி' என்னும் சொல் பணியை மட்டும் குறிப்பதன்று. பணியும் அதற்குரிய பேறும் அதன்மேல் ஒரு குடிக்குள்ள வழிவழி உரிமையும் ஆகிய மூன்றையும் ஒருங்கே உணர்த்துவது. 'சீவிதம்' என்பதோ உயிர்வாழ்தற்கு உரியது என்னும் பொருளது. செய்த வேலையின் அளவைக் காட்டிலும் வாழ்க்கையின் தேவையே இச்சொல்லில் முன்நிற்கின்றது.

தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டு இதற்குத் தலைசிறந்த சான்று. முதலாம் இராசராசனது 29ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 1014ஐ ஒட்டி, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர்க்கும், நட்டுவம் செய்வார், பாடுவார், கணக்கர், தையற்காரர், நாவிதர் முதலியோர்க்கும் பங்குகள் வகுக்கப்பெற்றன. பங்கு ஒன்றுக்கு ஆட்டைக்கு நெல் 100 கலம். பெண்டுகள் ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கும் ஒரு வீடும் கிடைத்தன. வந்த ஊரும் பெயரும் மனையின் இருப்பிடமும் ஒன்றுவிடாமற் பொறிக்கப்பெற்றமையால், இது பொதுநன்கொடை அன்று, ஆள்தோறும் வரையறுத்த உரிமை என்பது தெளிவு.

நமக்கு இன்றியமையாதது இதன்கண் உள்ள ஒரு விதியே. இறந்தார்க்கும் வேற்றுநாடு சென்றார்க்கும் தலைமாறாக, அவர்க்கு அடுத்த உறவின்முறையார் அக்காணியைப் பெற்றுப் பணிசெய்தல் வேண்டும். அவ்வுறவினர் தாம் தகுதியுடையர் அல்லராயின், தக்கார் ஒருவரை அமர்த்திப் பணிசெய்வித்துக் கொள்ளலாம். உறவினர் எவரும் இலராயின், அப்பணிக்குரிய குழுவினரே தக்காரைத் தெரிந்து அமர்த்துவர். அமர்ந்தவரே நெல்லைப் பெறுவர்.

இரண்டாம் கூற்றினைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஆடவும் பாடவும் இயலாத உறவினர்க்கும் பங்கு நீங்கவில்லை. பணி செய்தற்குரிய ஆற்றலும் பங்கு பெறுதற்குரிய உரிமையும் இங்கே வேறு பிரிக்கப்பட்டுள்ளன. இதனை முதியோர்க்கும் நோயாளர்க்கும் செய்த காப்பு என்று விரைந்து கூறிவிடுதல் பொருந்தாது. விதியில் சாவும் பிரிவுமே குறிக்கப்பெற்றன. பிணியும் மூப்பும் குறிக்கப்பெறவில்லை. விதியின் முதல்நோக்கம் திருப்பணி தடையின்றி நடத்தலே. குடும்பம் காக்கப்பட்டமை அந்நோக்கத்தின் பயனாக விளைந்தது என்பதே எம் கருத்து. போரில் வீழ்ந்தார் பொருட்டு அளிக்கப்பெற்ற 'உதிரப்பட்டி' நிலங்களில் குடும்பமே நேரே நோக்கப்பட்டது என்னும் வேறுபாட்டையும் ஈண்டு நினைக.

பிணியைக் குறித்து வெளிப்படையாகப் பேசுவது திருமுக்கூடற் கல்வெட்டு. வீரராசேந்திரன் காலத்தது (கி.பி. 1063–1070). 15 நோயாளர் தங்குதற்குரிய 'வீரசோழன்' என்னும் ஆதுலர்சாலை அதிற் கூறப்பெறுகின்றது. அங்குப் பயின்ற மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் அமைந்ததே இச்சாலை என அறிஞர் கொள்வர். பணியாளன் நோயுற்றால் அவனை மீளப் பணிக்கு ஆளாக்கும் பொறுப்பினை நிறுவனமே ஏற்றுக்கொண்டது போலும்.

ஆயின் அந்நோயாளரைப் பேணியவர்தம் ஊதியத்தைக் கணக்கிட்டால் வேறொரு காட்சி தோன்றும். மருத்துவனுக்கு ஆட்டைக்கு நெல் 90 கலமும் 8 காசும்; அறுவை செய்வானுக்கு 30 கலம்; மருந்து கொடுத்து நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர்க்கும் சேர்த்து 30 கலமும் ஒரு காசும். ஒரு கலம் 96 நாழி. ஆண்டினை 360 நாளாகக் கொள்வாம். மருத்துவனுக்கு நாளொன்றுக்கு நெல் 24 நாழி. பெண்டிர்க்குத் தலைக்கு 4 நாழி. ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டு நாழி அரிசி என்பது அக்காலக் கணக்கு. ஆகவே நோயாளரைப் பேணிய பெண் பெற்றது நாளொன்றுக்கு ஒன்றரை நாழிக்குச் சற்று மிக்க அரிசியே. தஞ்சைத் தளிச்சேரிப் பெண் பெற்ற நெல்லோ நாளொன்றுக்கு 26 நாழிக்கு மேற்பட்டது. அரிசியாகப் பத்து நாழிக்கு மேல். மரக்காலின் அளவு இரண்டிடத்தும் ஒன்றாக இல்லாதிருக்கலாம். பேணுவார்க்குப் பிற வருவாய் இருந்திருக்கவுங் கூடும். எனினும், ஆறு மடங்குக்கு மேற்பட்ட இவ்வேற்றத்தாழ்வு அளவுக்கருவியால் மட்டும் நேர்ந்திராது. முன்னது ஒரு குடிக்கு அளந்த நெல். பின்னது ஓர் உயிர்க்கு அளந்த நெல். அப்பெண்ணுக்குச் சார்ந்து வாழும் குழந்தைகளோ முதிய தாயோ இருந்தால் அவர்தம் உணவு வேறு வழியிலேயே வரல் வேண்டும்.

காணியும் இல்லாதார், ஆதுலர்சாலையும் எட்டாதார் நிலை யாது? கி.பி. 1201ஐச் சார்ந்த திருப்பாம்புரத்துக் கல்வெட்டு இதற்கு விடை தருகின்றது. காலம் பொல்லாததாகி, காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற நாளில், வேளாளன் ஒருவன் தன் மகளிர் இருவரோடும் 110 காசுக்குக் கோயிலுக்குத் தன்னை அடிமையாக விற்றுக்கொண்டான். தஞ்சையில் உறவின்முறையார் பெற்றது பங்கு. இங்கே தந்தையின் வறுமையோடு பெண்மக்கள் பெற்றது அடிமை. அவர் உழைப்புக்கு நாளும் ஊதியம் அளந்ததாக அக்கல்வெட்டில் இல்லை. முன்னரே பெற்ற அந்த 110 காசு மட்டுமே உளது.