இறுகிப்போன மரையாணி



மீன்பிடி வள்ளத்தின் பின்புறத்திற் பூட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரத்தினுள்ளே, சிறியதோர் இறப்பர்ச் சக்கரம் சுழல்கின்றது. கடல்நீரை மேலே தள்ளி இயந்திரத்தின் சூட்டைத் தணிக்கும் நீர்ப்பம்பியின் உயிர் அதுவே. நாளடைவில் அது தேயும், வெடிக்கும், ஆகவே காலத்துக்குக் காலம் மாற்றப்படவேண்டும். மாற்றுவதற்கோ இயந்திரத்தின் கீழ்ப்பகுதியைக் கழற்றவேண்டும். அதைத் தாங்கி நிற்பவை சில மரையாணிகள். பழைய இயந்திரங்களில் இவை அசைய மறுப்பதுண்டு. "பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிட்டால், கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் ஒருநாள் இயந்திரம் சூடேறி நின்றுவிடும். ஆகவே ஓர் ஆணியைக் கழற்றும் விடயம் கடலிற் செல்வோரின் உயிரோடு தொடர்புடையதாகின்றது.

இவ்வாணிகள் இறுகுவதேன்? இயந்திரத்தின் உடல் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனது. ஆணிகள் பெரும்பாலும் துருப்பிடியா உருக்கினால் ஆனவை. இரு வேறு உலோகங்கள் தொட்டு நிற்க, இடையே உப்புநீர் புகுந்தால், அங்கே ஒரு மின்கலம் உண்டாகிவிடுகின்றது. 1800ஆம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி வோல்ற்றா, இருவகை உலோகத் தட்டுகளுக்கிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து மின்னோட்டம் பெற்றதும் இம்முறையாலேதான். ஆணித்துளையில் நடைபெறும் இந்நிகழ்ச்சியில் அரிக்கப்படுவது அலுமினியம். அரிப்பினால் உண்டாகும் வெண்பொடி, அழிந்த உலோகத்தைவிட அதிக இடத்தைப் பிடிப்பதால், மரைகளின் இடைவெளியெங்கும் நெருங்கி அடைத்து ஆணியைப் பற்றிக்கொள்கின்றது. எனவே, நமது முயற்சியெல்லாம் இப்பொடியின் பிடியைத் தளர்த்துவதாகவே இருக்கவேண்டும். வெறும் பலத்தைக் காட்டினால் முறிவது ஆணியே.

முதலில் ஆணித்தலையைக் கம்பித் தூரிகையாற் சுத்தஞ்செய்து, ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓரிரவு ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் விடுங்கள். ஆணித்தலையின்மேல் நேராகச் சுத்தியலால் அளவாகத் தட்டினால், பொடியில் நுண்ணிய வெடிப்புகள் உண்டாகி எண்ணெய் உள்ளே இறங்கும். அலுமினிய உடலிலே அடி படலாகாது, அது வெடித்துவிடக்கூடும். தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஆறுமூலைச் சொக்கற்றையே பயன்படுத்துங்கள். பன்னிரண்டு மூலையுள்ளது தலையின் விளிம்புகளை எளிதில் மழுக்கிவிடும்.

அடுத்த துணை வெப்பம். ஒரு பாகை சென்ரிகிறேட்டுக்கு அலுமினியம் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறக்குறைய 23 பங்கு விரிகின்றது. சாதாரண உருக்கு 12 பங்கும், துருப்பிடியா உருக்கு 17 பங்கு அளவும் விரிகின்றன. ஆகவே ஆணியைச் சூழ்ந்துள்ள அலுமினியத்தைச் சூடாக்கினால் துளை அகன்று பிடி தளரும். ஆனால் எண்ணெயை நன்றாகத் துடைத்து, எரிபொருட் கலத்தை அப்பால் அகற்றிய பின்னரே இதைச் செய்தல்வேண்டும். இரும்பு சிவந்து நம்மை எச்சரிக்கும்; அலுமினியமோ நிறம் மாறாமலே 660 பாகையளவில் உருகிவிடும். எனவே தீச்சுவாலையிலும் சூட்டுக்காற்றுக் கருவியே பாதுகாப்பானது.

திருப்பும்போது, முதலில் ஒரு மயிரிழையளவு இறுக்குங்கள், பின்னர் தளர்த்துங்கள். சிறிது வெளியே வந்ததும் எண்ணெய் விட்டு மீண்டும் உள்ளே திருப்புங்கள். இவ்வாறு முன்னும் பின்னுமாக வரச்செய்தால், பொடி அரைபட்டு வெளியேறும். ஆணி திரும்பாமல் இறப்பரைப்போல் முறுகுவதாகக் கையில் உணர்ந்தால் உடனே நிறுத்துங்கள். அது முறிவதற்கு முந்திய நிலை.

முறிந்துவிட்டாலும் வழியுண்டு. துண்டு வெளியே நீட்டி நிற்குமாயின், அதன்மேல் ஒரு சுரையை வைத்துத் தேர்ந்த தொழிலாளி வெல்டிங் செய்து கழற்றலாம். துளையோடு மட்டமாக முறிந்திருந்தால், முகத்தை அரத்தாற் சமப்படுத்தி, சரிநடுவில் குறியிட்டு, இடப்பக்கமாகச் சுழலும் அலகினால் துளையிடுங்கள். பலவேளைகளில் துண்டு அலகோடு சுழன்று வெளியே வரும். நடு தவறினால் அலகு மெதுவான அலுமினியத்துக்குள் வழுவிச் சென்றுவிடும். முறிந்த ஆணி எடுக்கும் கருவியைப் பயன்படுத்துவோர் மிகவும் கவனமாயிருத்தல் வேண்டும். கடினமானதும் எளிதில் உடைவதுமான அக்கருவி உள்ளே முறிந்தால், சாதாரண அலகு அதைத் துளைக்காது. ஐயமிருப்பின் ஆணி முழுவதையும் துளைத்தகற்றி, சுருட்கம்பி மரை ஒன்றைப் பொருத்துவதே நன்று.

இத்தனை பாடும் தவிர்க்கக்கூடியதே. ஆணியை மீண்டும் பூட்டுமுன் மரைகளைச் சுத்தஞ்செய்து கடற்பாவனைக்குரிய கிறீஸைப் பூசுங்கள். பென்சிற்கரி கலந்த பூச்சு வேண்டாம், அது அரிப்பை மிகுவிக்கும். ஒவ்வொரு நாளும் கடலிலிருந்து திரும்பியதும் இயந்திரத்தினூடாக நன்னீர் ஓடவிடுங்கள். ஆண்டுக்கொரு முறையேனும் ஆணிகளைக் கழற்றிப் பூட்டுங்கள். ஒருமுறை பூசும் கிறீஸுக்குச் செலவாவது சில நிமிடங்களே. முறிந்த ஓர் ஆணிக்கோ தொழிலுக்குப் போகாத பல நாட்கள் செலவாகும்.