நண்டு நெபுலாவின் வயதும் தூரமும்

ரிஷப ராசியில், காளையின் தென்கொம்பு நுனியாக விளங்கும் நட்சத்திரத்துக்குச் சற்றருகே, நண்டு நெபுலா என்று பெயர் பெற்ற மங்கலான ஒளிப்படலம் ஒன்று உண்டு. வெடித்துச் சிதறிய ஒரு பெரிய நட்சத்திரத்தின் மிச்சம் அது. அந்தச் சிதறல் இன்னும் ஓயாமல் விரிந்துகொண்டே இருப்பதால், அவ்விரிவைக் கொண்டே அதன் வயதையும் தூரத்தையும் கணித்துவிடலாம்.

அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் வானாராய்ச்சி நிலையத்தில் 1909ஆம் வருஷம் எடுத்த போட்டோவையும் 1921ஆம் வருஷம் எடுத்த போட்டோவையும் ஜான் டங்கன் ஒப்பிட்டபோது, நெபுலாவின் இழைகள் மையத்தை விட்டு வெளிப்புறமாக நகர்ந்திருக்கக் கண்டார். ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் வருவது ஒரு விகலை; ஓரத்து இழைகள் வருஷத்துக்கு நகர்வதோ அதில் ஐந்தில் ஒரு பங்குதான். மையத்திலிருந்து 180 விகலை தள்ளியிருக்கும் இழை, வருஷத்துக்கு 0.2 விகலை வீதம் நகர்ந்து அவ்விடம் சேர்ந்ததென்றால், புறப்பட்டு உத்தேசமாக 900 வருஷம் ஆகியிருக்க வேண்டும். கோணத்தைக் கோணத்தால் வகுக்கும் இந்தக் கணக்குக்கு நெபுலாவின் தூரம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

1928இல் எட்வின் ஹப்பிள் இதே 900 வருஷத்தைச் சொல்லி, 1054ஆம் வருஷம் ஜூலை மாதம் சீனத்து வான சாஸ்திரிகள் அப்பகுதியில் கண்டு, 'விருந்தாளி நட்சத்திரம்' என்று குறித்து வைத்த நட்சத்திரத்தோடு இந்த நெபுலாவைச் சம்பந்தப்படுத்தினார். அந்த நட்சத்திரம் 23 நாள் பட்டப்பகலிலும் தெரிந்தது என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால், பின்னர் நுட்பமாக அளந்த வர்ஜீனியா டிரிம்பிள், இழைகளையெல்லாம் மாறாத வேகத்தில் பின்னோக்கிச் செலுத்திப் பார்த்தபோது, அவை மையத்தில் கூடும் காலம் ஏறக்குறைய 1140ஆம் வருஷம் என்று வந்தது. சரித்திரக் குறிப்பு பிசகவில்லை. வேகம் மாறாதது என்ற அநுமானந்தான் பிசகு. வெடித்த நட்சத்திரத்தின் எஞ்சிய கருவாக, மையத்திலே விநாடிக்கு 30 முறை சுழலும் பல்சார், தன் சுழற்சிச் சக்தியை இழந்து, அதனால் இழைகளை மேலும் உந்தித் தள்ளுகிறது. வேகம் கூடியதால் வயது குறைவாகத் தோன்றுகிறது. சுற்றிலுமுள்ள வாயு தடுத்து வேகம் குறைந்துபோன மற்றப் பல சிதறல்களிலோ, இதே வகுத்தல் உண்மை வயதைவிட அதிகமாகக் காட்டும்.

தூரத்துக்கு இன்னொரு கருவி வேண்டும், அது ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலை. நெபுலாவின் நடுப்பகுதியிலிருந்து வரும் ஒளியில் ஒவ்வொரு கோடும் இரண்டாகப் பிளந்திருப்பதை 1913இல் வெஸ்டோ ஸ்லைஃபர் கண்டார். நம்மை நோக்கி வரும் முன்புறம் கோட்டை நீலப் பக்கமும், விலகிப்போகும் பின்புறம் சிவப்புப் பக்கமும் நகர்த்துகின்றன. அப்பிளவிலிருந்து கிடைக்கும் வேகம் விநாடிக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு வருஷத்தில் கடக்கும் தூரம் ஏறத்தாழ 4,700 கோடி கிலோமீட்டர். நெபுலாவின் குறுகிய பக்கத்தில் காணும் நகர்வு வருஷத்துக்குச் சுமார் 0.16 விகலை, 4,700 கோடி கிலோமீட்டர் அவ்வளவு சிறிய கோணமாகத் தெரிய வேண்டுமானால், நெபுலா 6,400 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். நெபுலா உருண்டையானதல்ல, ஒருபுறம் நீண்டது. நம்மை நோக்கியிருக்கும் ஆழம், மேலே கொண்டதுபோல் குறுகிய பக்கத்தை ஒத்திராமல், அதன் நீளத்தை ஒத்ததென்று கொண்டால் தூரம் ஆயிரம் ஒளியாண்டுக்கு மேல் குறைந்துவிடும். வயதைச் சரிபார்க்கச் சீனத்துக் குறிப்பு இருந்தது. தூரத்தை நிச்சயிக்கவோ, பக்கவாட்டில் மட்டுமே நமக்குத் தெரியும் ஒரு பொருளின் ஆழத்தை அறிந்தாக வேண்டியிருக்கிறது.