அகராதியைத் திறந்தால் ஆபத்து... பதுங்குகுழியில் நாவல் படித்து ரஷ்ய மொழி கற்ற கட்டோ லோம்ப்!

இரண்டாம் உலகப் போர் நேரம். ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டில் சைரன் ஒலித்தால் போதும், மக்கள் பதுங்குகுழிகளுக்கு ஓடுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண், தடிமனான கலைக்களஞ்சியம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குவார். மேலே குண்டு விழும். கீழே அவர் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருப்பார்.

பார்ப்பவர்களுக்கு அது சாதாரண ஹங்கேரிய மொழிப் புத்தகம். ஆனால், அதன் தாள்களுக்கு இடையே வேறொரு புத்தகத்தின் தாள்கள் ஒளிந்திருந்தன. அது ரஷ்ய எழுத்தாளர் நிகோலாய் கோகலின் 'இறந்த ஆன்மாக்கள்' நாவல்!

அப்போது சோவியத் யூனியனோடு ஹங்கேரி போரிட்டுக்கொண்டிருந்தது. எதிரி நாட்டு மொழியைப் படிக்கிறார் என்று தெரிந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கே சந்தேகம் வரும். அப்படி ஓர் ஆபத்தை மடியில் வைத்துக்கொண்டு ரஷ்ய மொழி கற்ற அந்தப் பெண்ணின் பெயர், கட்டோ லோம்ப். பிற்காலத்தில் 16 மொழிகளைக் கொண்டு சம்பாதித்தவர். ஒருவர் பேசப் பேச உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வேலையில் உலக அளவில் முன்னோடிகளில் ஒருவர்.

'மொழியெல்லாம் இவளுக்கு வராது!'

லோம்ப் 1909-ல் ஹங்கேரியின் பெச் நகரில் பிறந்தார். பள்ளியில் ஜெர்மன் பாடம் என்றாலே தடுமாற்றம்தான். வெளிநாட்டு மொழிகள் இவருக்கு ஒத்துவராது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவரும் வேதியியல் பக்கம் போய் முனைவர் பட்டம் வாங்கினார்.

ஆனால், 1930-களின் தொடக்கத்தில் எங்கும் பொருளாதார மந்தம். படித்த படிப்புக்கு வேலை இல்லை. பிழைப்புக்காக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம் என்று 1933-ல் முடிவெடுத்தார். அதில் ஒரே ஒரு சிக்கல், அவருக்கே ஆங்கிலம் தெரியாது!

ஜான் கால்ஸ்வொர்தியின் ஆங்கில நாவல் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் வாரம் எல்லாமே குத்துமதிப்புதான். ஒரு மாதத்தில் புரிய ஆரம்பித்தது. இரண்டு மாதத்தில் ரசித்துப் படிக்கவே தொடங்கிவிட்டார்.

ஆபத்து கற்றுக்கொடுத்த பாடம்

1941-ல் ரஷ்ய மொழியில் இறங்கினார். பழைய புத்தகக் கடை ஒன்றில் ரஷ்ய-ஆங்கில அகராதி கிடைத்தது. ஆனாலும் எடுத்த எடுப்பில் அவர் கோகலுக்குப் போகவில்லை. முதலில் கைக்குக் கிடைத்தது ஒரு மலிவான காதல் நாவல். 'இதெல்லாம் ஒரு இலக்கியமா' என்று ஒதுக்காமல், சொற்கள் பழகும் வரை விடாமல் படித்தார். அதன் பிறகுதான் கோகல்.

பதுங்குகுழிக்குள் நாவலை ஒளித்துக் கொண்டுபோகலாம். ரஷ்ய அகராதியை எல்லோர் முன்னாலும் எப்படிப் புரட்டுவது? அதனால் புரியாத சொல் வந்தால் தாண்டிப் போவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. அப்படித் தாண்டிய சொல் சில பக்கங்கள் கழித்து மறுபடி வரும். வேறொரு வாக்கியத்தில், வேறொரு பாத்திரத்தின் வாயில் வரும். அப்படி நாலைந்து முறை பார்த்த பிறகு பொருள் தானாகவே பிடிபடும்.

வேறு வழியில்லாமல் செய்த அந்த வேலைதான் பிறகு அவர் வாழ்நாள் முழுக்கப் பின்பற்றிய முறையானது. 1945 பிப்ரவரியில் சோவியத் படைகள் புடாபெஸ்ட்டைப் பிடித்தன. பள்ளியில் 'மொழி வராது' என்று பெயர் வாங்கிய அதே லோம்ப், நகர மன்றத்தில் ரஷ்ய மொழிபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார்!

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குத் தெரியும்

இது ஏதோ மேதைகளுக்கு மட்டும் கைவருகிற வித்தை இல்லை. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'ஆபத்துதவிகள்' என்ற சொல்லை முதல்முறை பார்த்தபோது எத்தனை பேர் அகராதியைத் தேடினோம்? வந்தியத்தேவனுக்கு அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பில் பக்கத்தைப் புரட்டினோம். கதை முடிவதற்குள் அந்தச் சொல்லும் நமக்குச் சொந்தமாகிவிட்டது.

பள்ளிக்கூடங்களிலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வார்விக் எல்லி, ஃபிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-களின் தொடக்கத்தில் ஃபிஜி தீவுகளில் எட்டு கிராமப்புறப் பள்ளிகளுக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். படம் போட்ட, சுவாரஸ்யமான கதைகள். படித்தது நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. எட்டு மாதம் கழித்துச் சோதித்தபோது, படித்துப் புரிந்துகொள்வதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் அந்தப் பிள்ளைகள் வழக்கத்தைவிட இரு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள்.

எந்தப் புத்தகத்தை எடுப்பது?

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஆசையாக ஒரு பெரிய ஆங்கில நாவலை வாங்குவார்கள். முதல் பக்கத்திலேயே இருபது சொற்களுக்குப் பொருள் தெரியாது. நான்காவது பக்கத்தோடு புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். 'நமக்கெல்லாம் இங்கிலீஷ் வராதுப்பா' என்ற முடிவும் கூடவே வந்துவிடும். தவறு படிப்பவரிடம் இல்லை, அவர் எடுத்த புத்தகத்தில் இருக்கிறது.

சரியான புத்தகத்தைக் கண்டுபிடிக்கச் சில வழிகள்:

100-க்கு 2: சொல் வளத்தை ஆராய்ந்த பால் நேஷன் போன்றவர்களின் கணக்குப்படி, 100 சொற்களில் சுமார் 98 தெரிந்திருந்தால்தான் யாருடைய உதவியும் இல்லாமல் கதையை நன்றாகப் புரிந்து படிக்க முடியும். ஒரு பக்கத்தை எண்ணிப் பாருங்கள். தெரியாத சொற்கள் நிறைய இருந்தால், அதைவிட எளிய புத்தகத்துக்கு மாறுங்கள்.

படிப்படியாக ஏறுங்கள்: மொழி கற்பவர்களுக்காகவே சொற்களை அளந்து எழுதப்பட்ட புத்தகங்கள் உண்டு. உதாரணமாக, 'ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ்' வரிசையில் முதல் நிலைக்கு 400 அடிப்படைச் சொற்கள், ஆறாம் நிலைக்கு 2,500. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ், ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில், நிலைவாரியாகப் பிரித்த கதைகளைச் செல்போனிலேயே இலவசமாகப் படிக்கலாம்.

வெட்கப்படாதீர்கள்: 40 வயதில் குழந்தைகள் கதை படிப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. முனைவர் பட்டம் வாங்கிய லோம்ப், மலிவான காதல் நாவலில் தொடங்கியவர்தான். பிள்ளைக்குப் படித்துக்காட்டும் சாக்கில் அம்மா, அப்பாவும் கற்றுக்கொள்ளலாம்.

பிடித்ததைப் படியுங்கள்: கிரிக்கெட், சமையல், துப்பறியும் கதை... எதுவானாலும் சரி. அடுத்து என்ன என்ற ஆர்வம் இருந்தால்தான் புரியாத சொல்லைத் தாண்டிப் போக மனசு வரும்.

அகராதி கடைசியில்: ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்து, அது தெரியாமல் கதையே புரியவில்லை என்றால் மட்டும் பாருங்கள். மற்றதை இரண்டாவது முறை படிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

புத்தகம் மட்டும் போதுமா?

போதாது. புத்தகத்துக்கு வாய் கிடையாது. ராணுவ அதிகாரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டினால் 'கொலோனெல்' என்றுதான் வாசிக்கத் தோன்றும். உச்சரிப்போ 'கர்னல்'. இதைக் காதால் கேட்டால்தான் உண்டு. லோம்ப் கூடப் புத்தகத்தோடு வெளிநாட்டு வானொலி ஒலிபரப்புகளையும் விடாமல் கேட்டார். இன்று நமக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. படித்த கதையின் ஒலிப்புத்தகம் கிடைத்தால், பஸ்ஸில் போகும்போதே கேட்கலாம். படித்ததை வீட்டில் யாரிடமாவது அதே மொழியில் நாலு வரி சொல்லிப் பார்க்கலாம். தப்பு வரும், வரட்டும்.

80 வயதைத் தாண்டியும் ஹீப்ரூ மொழி கற்றுக்கொண்டிருந்த லோம்ப், 2003-ல் 94 வயதில் காலமானார்.

அன்று பதுங்குகுழியில் அகராதியைத் திறந்திருந்தால் அவர் உயிருக்கே ஆபத்து வந்திருக்கலாம். இன்று நம் கையில் இருக்கும் செல்போனில் ஒவ்வொரு சொல்லையும் தொட்டுத் தொட்டுப் பொருள் பார்க்க முடிகிறது. அதனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. கதைதான் செத்துப்போகும்!