சப்டைட்டிலில் தமிழ் ஏன் உடைகிறது?

விருத்தாசலத்திலிருந்து மங்களூர் பக்கம் போகும் பஸ்ஸில் எஞ்சின் இரைச்சலை மீறி வசனம் காதில் விழாது. போனில் கொரியன் தொடர் பார்ப்பவருக்கு சப்டைட்டில்தான் கதி. சில நேரம் அதில் தமிழே இருக்காது. தலையில் சாய்கோடு வைத்த ஆங்கில ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’; இதே ஜோடி வரி முழுக்க வரும்.

ஏன்? தனியாக டவுன்லோடு செய்யும் சப்டைட்டில் பெரும்பாலும் வெறும் எழுத்துக் கோப்பு. எந்த நொடியில் தோன்றி எப்போது மறைய வேண்டும் என்ற நேரக் கணக்கு, கீழே வசனம், அவ்வளவுதான். கோப்பில் எழுத்துகள் எண்களாகத்தான் இருக்கும்; யூடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையில் ‘க’ என்பது 224, 174, 149 என்ற மூன்று எண்கள். பிளேயர் இதை மேற்கத்திய எழுத்துமுறை என்று தப்பாக நினைத்தால் ஒவ்வொரு எண்ணையும் தனி எழுத்தாக்கிவிடும். அதில் 224 அந்த ‘ஏ’, 174 அந்த வட்டம். தமிழின் உயிர், மெய் எழுத்துகள் எல்லாமே இந்த இரண்டில்தான் தொடங்குகின்றன. புள்ளிக்கும் பல உயிர்க்குறிகளுக்கும் நடு எண் 175.

வெறும் கட்டங்கள் தெரிந்தால் அது வேறு நோய்: தமிழ் எழுத்துரு இல்லை.

எனக்குப் பிடித்த கோளாறு மூன்றாவது. ‘கொ’வில் ‘க’ முதலில் சேமிக்கப்படுகிறது, ஒகரக் குறி அடுத்து. திரையில் அந்தக் குறியைப் பிளந்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைக்க வேண்டும். அதைச் செய்யத் தெரியாத பழைய பிளேயரில் கொம்பு இடம் மாறி நிற்கும்.

முதல் நோய்க்கு மருந்து எளிது. விஎல்சி போன்ற பிளேயரில் சப்டைட்டில் அமைப்புக்குப் போய் எழுத்துமுறையை யூடிஎஃப்-8 என்று மாற்றி, படத்தை மறுபடி திறக்க வேண்டும்.