இன்னொரு ரயில் விட்டால் கூட்டம் குறையாதா?

மின்சார ரயிலின் வாசலில் மாணவர்கள் தொங்கிக்கொண்டு செல்வதைப் பார்த்தால், "உள்ளே போய் நில்லுங்கள்" என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். "உள்ளே இடம் இல்லை" என்று பதில் வரும். வகுப்பில் இதைப் பற்றிப் பேசினால் அடுத்து ஒரு கேள்வியும் வரும்: "அப்போ இன்னொரு ரயில் விட வேண்டியதுதானே, சார்?"

நான் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். இந்தக் கேள்வியை மிக நல்ல கேள்வி என்றே கருதுகிறேன். அறிவுரையால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கணக்கால் சொல்ல முடியும். ஒரு ரயில் பாதை எவ்வளவு பேரைச் சுமக்கும், அந்த எல்லையை எவை தீர்மானிக்கின்றன, கூட்டம் கூடினால் என்ன ஆகிறது என்பவற்றைப் பெருக்கல், பரப்பளவு, விகிதம் ஆகிய மூன்றையும் வைத்தே விளக்கிவிடலாம். எடுத்துக்காட்டாக, நாட்டிலேயே கூட்டம் மிகுந்த மும்பை புறநகர் ரயிலை எடுத்துக்கொள்கிறேன்.

சராசரி சொல்லாத செய்தி

1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பம்பாயின் போரி பந்தரிலிருந்து தானேவுக்கு ஓடியது. 34 கி.மீ. தூரம், 14 பெட்டிகள், சுமார் 400 பயணிகள். இன்று நெரிசல் நேரத்தில் அதே ஊரின் ஒரே ஒரு லோக்கல் ரயிலில் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்டோர் பயணம் செய்கிறார்கள்.

கோவிட் காலத்துக்கு முன் மும்பை புறநகர் ரயிலில் நாளொன்றுக்குச் சுமார் 75 லட்சம் பயணங்கள் நடந்தன. ஓடிய ரயில் சேவைகள் ஏறத்தாழ 3,000. வகுத்தால் ஒரு சேவைக்கு 2,500 பேர். கூட்டம்தான், ஆனால் தாங்க முடியாத கூட்டம் அல்லவே என்று தோன்றும்.

இங்கே சராசரி நம்மை ஏமாற்றுகிறது. மும்பை வடக்கு தெற்காக நீண்டு, தெற்கே குறுகிச் செல்லும் நகரம். பழைய அலுவலகப் பகுதிகள் தென்முனையில் இருக்கின்றன. வாடகை கட்டுப்படியாகும் வீடுகளோ விரார், கல்யாண் என வடக்கே பல கிலோமீட்டர் தள்ளி அமைந்துவிட்டன. காலையில் கூட்டம் தெற்கு நோக்கியும் மாலையில் வடக்கு நோக்கியும் ஒரே நேரத்தில் பாய்கிறது. எதிர்த் திசையில் செல்லும் ரயிலிலும் மதிய நேர ரயிலிலும் இந்த நெருக்கடி இல்லை. ஆகவே, நாள் முழுவதற்குமான எண்ணைப் பார்க்காமல், காலை ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் எத்தனை பேரைக் கொண்டு செல்ல முடியும் என்று கேட்க வேண்டும்.

மூன்று எண்களின் பெருக்கல்

கரும்பலகையில் இப்படி எழுதலாம்:

ஒரு மணி நேரத்தில் செல்லும் பயணிகள் = ரயில்களின் எண்ணிக்கை × ஒரு ரயிலின் பெட்டிகள் × ஒரு பெட்டியில் உள்ளவர்கள்

மும்பையில் நெரிசல் நேரத்தில் ஒரே பாதையில் ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் செல்கிறது. மணிக்கு 20 ரயில்கள். ஒரு ரயிலுக்கு 12 பெட்டிகள். பெட்டிக்கு 300 பேர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 20 × 12 × 300 = 72,000 பேர். இதைக் கூட்ட வேண்டுமானால் மூன்று எண்களில் ஏதாவது ஒன்றைக் கூட்டியாக வேண்டும். ஒவ்வொன்றையும் தடுப்பது எது என்று பார்ப்போம்.

முதல் எண்: ரயில்களின் எண்ணிக்கை

ரயிலின் சக்கரமும் எஃகு, தண்டவாளமும் எஃகு. இரண்டுக்கும் இடையே பிடிமானம் குறைவு. எனவே பேருந்தைப்போல ரயில் சட்டென்று நிற்க முடியாது. பிரேக் போட்ட பின்னும் வெகுதூரம் ஓடித்தான் நிற்கும். பத்தாம் வகுப்பு இயக்க விதிகள் பாடத்தில் நிலைமம், உந்தம் பற்றிச் சொல்லும்போது இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இதனால் பாதையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் சிக்னல் வைத்திருக்கிறார்கள். முன்னே செல்லும் ரயில் ஒரு பகுதியில் இருக்கும்வரை பின்னால் வருவதற்குச் சிவப்பு; அதற்கு முந்தைய சிக்னலில் மஞ்சள். இந்த இடைவெளியைக் குறைக்க, ரயில் இருக்கும் இடத்தை வானொலி அலைகள் மூலம் தொடர்ந்து தெரிவிக்கும் புதிய சிக்னல் முறை உள்ளது. தில்லி மெட்ரோவின் சில தடங்களில் இது இயங்குகிறது. மும்பை புறநகர் ரயிலுக்கும் திட்டமிடப்பட்டுள்ளது. இடைவெளி மூன்று நிமிடத்திலிருந்து இரண்டரை நிமிடமானால் 20 ரயில்கள் 24 ஆகும். 72,000 என்பது 86,400 ஆகும்.

ஆனால் வந்த ரயில்கள் திரும்பிப் போக வேண்டுமே? மேற்குத் தடத்தின் கடைசி நிலையமான சர்ச்கேட்டில் இருப்பவை நான்கு நடைமேடைகள். விரைவுப் பாதை, மெதுப் பாதை இரண்டிலும் மணிக்கு 20 வீதம் 40 ரயில்கள் வருவதாகக் கொண்டால் ஒரு நடைமேடைக்குப் பத்து. ஒரு ரயிலுக்குக் கிடைப்பது ஆறு நிமிடம். அதற்குள் உள்ளே வந்து, ஆட்களை இறக்கி, ஏற்றி, வெளியேறிவிட வேண்டும். அங்கே ஒரு ரயில் தாமதித்தால் பின்னால் வருபவை வரிசையாக நிற்கும்.

இரண்டாம் எண்: பெட்டிகள்

மும்பையில் ஒன்பது பெட்டி ரயில்கள் 12 பெட்டிகளாக்கப்பட்டன. 2009 முதல் மேற்குத் தடத்தில் 15 பெட்டி ரயில்களும் ஓடுகின்றன. 12-லிருந்து 15 என்றால் 25 சதவீத உயர்வு. பிறகு ஏன் எல்லா ரயில்களையும் 15 பெட்டிகளாக்கவில்லை?

ஒரு பெட்டியின் நீளம் ஏறக்குறைய 21 மீட்டர். 12 பெட்டிக்கு 252 மீட்டர், 15 பெட்டிக்கு 315 மீட்டர். ஒவ்வொரு நிலையத்திலும் நடைமேடை அந்த அளவுக்கு நீள வேண்டும். நீட்டும் திசையில் பாலமோ, பாதை பிரியும் இடமோ, கட்டடமோ இருக்கும். சிக்னலையும் இடம் மாற்ற வேண்டியிருக்கும். ஒரே ஒரு நிலையத்தில் முடியாவிட்டாலும் 15 பெட்டி ரயில் அங்கே நிற்பதில் சிக்கல்தான்.

மின்சாரமும் போதுமானதாக இருக்க வேண்டும். 1925-ல் மும்பையில் இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியபோது பயன்பட்டது 1,500 வோல்ட் நேர் மின்னோட்டம். கூடுதல் ரயில்களுக்கும் பெட்டிகளுக்கும் தேவையான திறனை அந்த அழுத்தத்தில் கொண்டு செல்வது கடினம். ஆகவே படிப்படியாக 25,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பணி 2016-ல் நிறைவடைந்தது. திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் என்ற சூத்திரத்தைக் கற்பிக்கும் நாளில் இதைச் சொல்லலாம்.

மூன்றாம் எண்: பெட்டிக்குள் எத்தனை பேர்?

முதல் இரண்டு எண்களையும் கூட்ட ஆண்டுகளும் பணமும் தேவை. மூன்றாவது எண்ணுக்கு எதுவும் தேவையில்லை. அது தானாகவே கூடிவிடுகிறது. மும்பை நெரிசலைக் குறிக்க 'சூப்பர் டென்ஸ் கிரஷ் லோடு' என்று ஒரு சொல்லே ரயில்வே வட்டாரத்தில் உண்டு. ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்பது என்று அதற்குப் பொருள்.

இதை மாணவர்கள் உணர ஓர் எளிய செயல்பாடு. ஏ4 தாள்கள் 16 எடுத்து, வரிசைக்கு நான்காக நான்கு வரிசை தரையில் அடுக்கச் சொல்லுங்கள். மொத்தப் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டருக்கு வரும். 10,000 சதுர செ.மீ. ÷ 16 = 625 சதுர செ.மீ. ஒரு தாளின் பரப்பும் (21 × 29.7) ஏறத்தாழ அதுவே. ஆளுக்கு ஒரு ஏ4 தாள், பையும் சாப்பாட்டு டப்பாவும் அதற்குள்ளேயே!

ஓர் எச்சரிக்கை: 16 மாணவர்களை அதில் நிற்க வைத்துப் பார்க்க வேண்டாம். நான்கு பேரை, பிறகு ஆறு பேரை நிறுத்துங்கள். அதுவே போதும். மீதியைத் தாளின் மீது பாதச் சுவடுகளாக வரையச் சொல்லலாம்.

முப்பது விநாடியின் விலை

இதுவரை மூன்று எண்களும் தனித்தனியானவை போலத் தோன்றின. உண்மையில் மூன்றாவது எண் கூடினால் முதல் எண் குறைகிறது. மாணவர்களுக்கு வியப்பளிக்கும் இடம் இதுதான்.

கூட்டம் அதிகமானால் இறங்குபவர் வாசலை அடைய நேரம் ஆகும். வாசலில் நிற்பவர் வழிவிட இடம் இருக்காது. ஏறுபவர் காத்திருப்பார். ஒரு நிலையத்தில் 30 விநாடி நிற்க வேண்டிய ரயில் 60 விநாடி நிற்கிறது என்று கொள்வோம். பின்னால் வரும் ரயில் சிவப்பு சிக்னலில் நிற்கும். மூன்று நிமிட இடைவெளி மூன்றரை நிமிடமாகும். 60 ÷ 3.5 என்றால் மணிக்கு 17 ரயில்களே. 17 × 12 × 300 = 61,200.

72,000-லிருந்து 10,800 பேர் குறைந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடவில்லை, நடைமேடையில் நிற்கிறார்கள். அடுத்த ரயிலில் அவர்களும் ஏறுவார்கள். அந்த ரயில் இன்னும் தாமதமாகும். பாதையின் எல்லையைத் தொட்ட பிறகு, கூட்டமே கொள்ளளவைத் தின்னத் தொடங்குகிறது. இன்னொரு ரயிலை விட்டாலும் அது முன்னே நிற்கும் ரயிலுக்குப் பின்னால்தான் காத்திருக்கும். "இன்னொரு ரயில் விட்டால் என்ன?" என்ற கேள்விக்கான விடை இதுவே.

இந்த நெருக்கடி ரயிலோடு முடிவதில்லை. 2017 செப்டம்பர் 29 காலை, மும்பை எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் 23 பேர் உயிரிழந்தனர். கூடுதல் ரயில்கள் கூடுதல் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும். அவர்கள் வெளியேறும் படிக்கட்டும் பாலமும் அதற்கேற்ப அகலமாக வேண்டும். மும்பை புறநகர் ரயில் பாதைகளில், கோவிட் காலம் நீங்கலாக, தண்டவாளத்தைக் கடக்கும்போதும் ரயிலிலிருந்து விழுந்தும் பிற வகைகளிலும் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்து வந்திருக்கிறார்கள்.

நம் மாணவர்களும் மின்சார ரயிலும்

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். சென்னையில் கடற்கரை - தாம்பரம் இடையே 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. மும்பை அளவுக்கு இல்லையென்றாலும், காலை நேரத்தில் அதே பெருக்கல் இங்கும் பொருந்தும். 2018 ஜூலை 24 அன்று பரங்கிமலை நிலையத்தில், படியில் தொங்கிச் சென்ற பயணிகள் பக்கவாட்டுக் கான்கிரீட் சுவரில் மோதி உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ரயிலுக்கும் சுவருக்கும் கம்பத்துக்கும் இடையே விடப்படும் இடைவெளி பெட்டியின் அகலத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. வெளியே நீண்டிருக்கும் தோளும் புத்தகப் பையும் அந்தக் கணக்கில் இல்லை. இந்த ஒரு செய்தியைப் படம் வரைந்து காட்டினால், பத்து அறிவுரைகள் செய்யாததை அது செய்யும்.

சில மாணவர்கள் விளையாட்டுக்காகத் தொங்குகிறார்கள். அவர்களைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த ரயிலை விட்டால் முதல் பாடவேளை போய்விடும், வாசலில் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து தொற்றிக்கொள்பவர்களும் உண்டு. சிக்னலை நாம் மாற்ற முடியாது; நடைமேடையை நீட்டவும் முடியாது. அந்தப் பயத்தைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. ஆசிரிய நண்பர்கள் மூன்று செயல்களைச் செய்து பார்க்கலாம்.

முதலாவது, வகுப்பில் ரயிலிலும் பேருந்திலும் வருபவர்கள் யார், எந்த நேரத்து வண்டியில் வருகிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுப்பது. இரண்டாவது, நிலையத்தில் உள்ள கால அட்டவணையை எழுதி வரச் செய்து, ரயில்களின் இடைவெளியையும் ஒரு மணி நேரக் கொள்ளளவையும் அவர்களையே கணக்கிடச் சொல்வது. ஒரு ரயிலை விட்டால் உண்மையில் எத்தனை நிமிடம் இழப்பு என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பெரும்பாலும் அது அவர்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும்.

மூன்றாவது, தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் பேசி, அந்தப் பட்டியலில் உள்ள மாணவர் ஒரு வண்டி தாமதமாக வந்தால் தண்டனை இல்லை என்று முடிவு செய்வது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் இதனால் ஒழுங்கு கெட்டுவிடாது. "கூட்டமாக இருந்தால் அடுத்த ரயிலில் வா, நான் கேட்க மாட்டேன்" என்று வகுப்பாசிரியர் சொல்லும் ஒரு வாக்கியத்தை, நடைமேடையில் நிற்கும் பிள்ளை நினைவில் வைத்திருக்கும்.