மாதோட்டத்துக் கண்ணாடி

மாதோட்டம் என்ற பெயரைக் கேட்டவுடன் சைவ மக்கள் உள்ளத்தில் எழுவன திருக்கேதீச்சரமும், பாலாவித் தீர்த்தமும், சம்பந்தரும் சுந்தரரும் அத்தலத்தின்மேற் பாடிய பதிகங்களுமே. வரலாறு கற்றோர் அவற்றோடு முத்தையும் யானையையும் பெருங்கப்பல்களையும் சேர்த்து எண்ணுவர். கண்ணாடியை எண்ணுவார் மிகச் சிலர். ஆயினும், கோயிலைச் சூழ்ந்துள்ள பழைய நகர் மேட்டில், மழை பெய்து ஓய்ந்தபின் நடப்பவர் கண்ணிற் படுவது முத்தன்று. மிளகினுஞ் சிறிய கண்ணாடி மணியும், விரல் நகமளவான கண்ணாடிச் சில்லுமேயாம். பழங் கண்ணாடிப் பொருள்களைத் தேடிச் சேர்க்கும் ஆர்வம் கற்றோரிடையும் காணப்படுதலின், இத்துண்டுகள் யாவை, எங்கிருந்து வந்தன, அவற்றை எடுப்பவர் உண்மையில் எதனை எடுக்கின்றார் என்பன ஆராயத்தக்கன.

மாந்தை மேடு குதிரை இலாடத்தின் வடிவினது. இரட்டை அகழியாற் சூழப்பட்டது. மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலக் கரையில் அமைந்த இத்துறை, அநுராதபுரத்துக்கு வாயிலாய் நூற்றாண்டுகள் பல விளங்கியது. சோழர் ஆட்சியில் இது இராசராசபுரம் எனப் பெயர் பெற்றதும், தாழிகுமரன் என்பான் இங்கு இராசராசேச்சரம் எடுப்பித்ததும் கல்வெட்டாற் போந்த செய்திகள். 1887இல் போக் என்னும் ஆங்கில அதிகாரி இம்மேட்டைப் பற்றி எழுதினார். 1920களில் ஹோகாட்டும், 1950ஐ அடுத்துச் சண்முகநாதனும் அகழ்ந்தனர். 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் நிகழ்ந்த அகழ்வே விரிவானது. போர் மூண்டமையால் அது இடையில் நின்றது. அதன் முழு அறிக்கை நூலுருப் பெற்றது 2013இலேதான். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மணிகளும் ஓடுகளும் நூலுக்காகக் காத்துக் கிடந்தன.

கண்ணாடியாவது மணலை உருக்கிப் பெறும் பொருள். தூய மணலைத் தனியே உருக்க 1700 பாகையளவு வெப்பம் வேண்டும். பழைய உலைகள் அதனை எட்டமாட்டா. சோடாவைச் சேர்த்தால் ஆயிரத்துச் சொச்சம் பாகையிலேயே மணல் இளகிவிடும். சுண்ணாம்பும் ஓரளவு சேராவிடின், அவ்வாறு பெற்ற கண்ணாடி நீரிற் கரைந்துபோம். எனவே சோடா எங்கிருந்து வந்தது என்னும் வினாவே பழங் கண்ணாடியின் பிறப்பிடத்தை அறிதற்குத் திறவுகோலாகின்றது. றோமர், எகிப்திய உவர் ஏரிகளிற் படிந்த சோடாவைக் கையாண்டனர். கி.பி. 9ஆம் நூற்றாண்டையொட்டி மேற்காசிய வினைஞர் உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலுக்கு மாறினர். மன்னார்க் கழிக்கரைகளில் வளரும் உமரி அவ்வினத்தைச் சார்ந்ததே. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிகழ்ந்த முறை வேறு. நிலத்திற் பூக்கும் கனிமச் சோடாவும் அலுமினா மிகுந்த மணலும் இங்குக் கலந்தன. ஆகவே ஒரு சிறு சில்லைப் பகுத்தாராய்ந்து, அலுமினா மிகுதியாயிருக்கக் கண்டால், அது மேற்றிசைச் சரக்கன்று, இப்பகுதிச் சரக்கே என்று பெரும்பாலும் துணியலாம். குருநாகல் மாவட்டத்துக் கிரிபாவையில் பழைய கண்ணாடி உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டமை, இலங்கையர் கண்ணாடியை வாங்கி அணிந்தோர் மாத்திரமல்லர், ஆக்கியோருமாவர் என்பதை நிறுவியது. அம்பாந்தோட்டைக் கரையில், கொடவாயாக் கடலடியில் மூழ்கிக் கிடந்த ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய மரக்கலத்திலும் கண்ணாடிக் கட்டிகள் இருந்தன. அவை கலமாகவோ மணியாகவோ உருப்பெறுமுன் கடலிற் சென்ற மூலச்சரக்கு.

மாந்தை மணிகளுள் மிக்கவை இழுத்துச் செய்த சிறு மணிகள். ஆய்வாளர் இவற்றை இந்து-பசிபிக் மணிகள் என்பர். இவற்றைச் செய்யும் வகை வியப்புக்குரியது. உருகிய கண்ணாடிக் குழம்பை நீண்ட இரும்புக் குழாயொன்றின் முனையிற் கூம்பாகத் திரட்டுவர். உட்புகுத்திய கோலினால் அதனைத் துளைப்பர். உலைவாயில் நிற்பவன் அதன் நுனியைக் கொளுவியால் இழுக்க, உள்ளே துளையுடைய மெல்லிய கண்ணாடிக் குழல் நூல்போல் நீண்டு வரும். அதனை வெட்டிச் சிறு துண்டுகளாக்கி, துளை அடைபடாதவாறு சாம்பலோடு கலந்து மீளச் சூடேற்றினால் கூரிய விளிம்புகள் மழுங்கி மணியாகும். ஆந்திர நாட்டுப் பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை இருபதாம் நூற்றாண்டிலும் வழங்கியதை ஆய்வாளர் நேரிற் கண்டு எழுதியுள்ளனர். ஒரு மணியை ஒருவர் செய்வதன்று இது. ஒரு குழுவினர் ஒரு நாளில் எண்ணிறந்த மணிகளை ஈன்றெடுக்கும் தொழில். அதனாலேயே அவை மலிவாயின. மலிவானமையாலேயே உலகெங்கும் பரந்தன. செங்கல் நிறம் செம்பினால் வந்தது. அதே செம்பு வேறொரு வகையிற் காற்றூட்டப் பெற்றால் பச்சையும் நீலமுமாகும். கருநீலம் கோபாற்றினாலும், மஞ்சள் ஈயமும் வெள்ளீயமும் கூடியதனாலும் உண்டாயின.

பீற்றர் பிரான்சிஸ் என்னும் மணி ஆய்வாளர் இத்தொழில் நிகழ்ந்த ஊர்களாக அரிக்கமேடு, தாய்லாந்துக் குவான் லுக்பாட், வியட்நாமிய ஒக்-ஏவோ என்பவற்றோடு மாந்தையையும் கூறினார். அக்கூற்றுக்கு அவர் முதன்மையாகக் கொண்டது அழகிய மணிகளையல்ல. தொழிலிற் கழித்தெறிந்த குழற்றுண்டுகளையும் ஒட்டிக்கொண்ட பிழைமணிகளையுமே. மணி வாணிகத்தால் எங்குஞ் செல்லும். கழிவு செய்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் மணி சேர்ப்போர் கழிவைக் கண்டெடுத்தால் எறிந்துவிடுவர்! இம்மணிகள் சென்ற தொலைவும் அறியத்தக்கது. கிழக்காபிரிக்கக் கரையிலும் தென்கிழக்காசியாவிலும் அன்றி, பிரான்சு, பெல்சியம் ஆகிய நாடுகளில் கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளிலும் தென்னாசியச் சிறு மணிகள் கிடைத்துள்ளன.

இனிக் கலங்களை நோக்குவோம். ஊதிச் செய்யும் முறை கி.மு. முதலாம் நூற்றாண்டில் சிரிய, பாலத்தீனக் கரையிற் பிறந்தது. அதன்பின்னரே கண்ணாடிக் கிண்ணம் எளியோர் கைக்கும் எட்டியது. றோமப் பேரறிஞர் பிளினி, உடைந்த பளிங்கினாற் செய்யப்படுதலின் இந்தியக் கண்ணாடிக்கு நிகரில்லை என்றெழுதினார். கூறிய காரணம் பொருந்தாததாயினும் கீழைக் கண்ணாடிக்கிருந்த புகழை அது காட்டும். அதே நூற்றாண்டில் எழுந்த பெரிப்புளுசு என்னும் கடற்பயண நூலோ, முசிறியில் இறங்கிய சரக்குகளுள் உருவாக்கப்படாத கண்ணாடியையும் கூறுகின்றது. போக்குவரத்து இருதிசையிலும் நிகழ்ந்தது. யவனர் நற்கலத்திற் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் பருகிய செய்தி புறநானூற்றில் வருவது பலரும் அறிந்தது. அங்கும் அரசனுக்கு அதனை ஊட்டிய கலம் பொன்னாலாயது, கண்ணாடியன்று. நம்மவர் உண்கலமாகக் கண்ணாடியைப் பெரிதும் விரும்பினர் என்பதற்கு இலக்கியச் சான்று மெலிந்தே நிற்கின்றது.

மாந்தையில் மேற்காசியக் கண்ணாடிக் கலங்கள் துண்டுகளாகவே கிடைத்தன. முழுக்கலம் கிடையாமை கண்டு வருந்துவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். உடைந்த கண்ணாடி பழங்காலத்திற் குப்பையன்று. மீள உருக்கத்தக்க விலைப்பொருள். துருக்கியின் தென்மேற்குக் கரையில், செர்ச்சே லிமானி என்னுமிடத்தில் கி.பி. 1025 அளவில் மூழ்கிய கப்பலொன்று மூன்று தொன் கண்ணாடியை ஏற்றியிருந்தது. அதில் ஒரு பகுதி உடைந்த கலங்களும் உலைக்கழிவுமே. ஆகவே துறைமுகமொன்றிற் காணும் கிண்ணத்துண்டு அங்குக் குடித்தவன் உடைத்ததாகவும் இருக்கலாம். உடைந்தே வந்திறங்கியதாகவும் இருக்கலாம். எந்த உலையருகே, எந்த மண்படையிற் கிடந்தது என்பதே விடை தருவது.

மண்ணிற் கிடந்த கண்ணாடியின்மேல் மயிற்கழுத்துப்போல் ஒளிரும் நிறம் சேர்ப்போரைப் பெரிதும் மயக்குவது. அது வினைஞன் இட்ட வண்ணமன்று, நோய். நிலத்தடி நீர் கண்ணாடியிலுள்ள சோடாவைக் கரைத்தெடுக்க, எஞ்சிய மணற்சத்து ஏடேடாய்ப் பிரிகின்றது. அவ்வேடுகளிடையே ஒளி சிதறி வானவில் தோன்றுகிறது. தேய்த்துக் கழுவினால் ஏடு உதிரும். உதிர்வது அழுக்கன்று, கண்ணாடியே. அமிலமூட்டிப் புதுக்கண்ணாடியிலும் இந்நிறத்தை வருவிக்கும் வணிகர் உளர்.

வீடுகளில் வழிவழிப் பேணப்படும் கிண்ணங்களும் குப்பிகளும் வேறு வகையின. மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560இற் கட்டினர். ஒல்லாந்தர் 1658இற் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. சாராய வகைகளை அடைத்த ஒல்லாந்தர் காலச் சதுரக் குப்பிகளும், தண்டு நீண்ட மதுக்கிண்ணங்களும் இத்தொடர்பால் நாட்டிற் புகுந்தவை. இவற்றின் வயதை மதிப்பிட அடியை முதலிற் பார்த்தல் வேண்டும். கையால் ஊதிய கிண்ணத்தின் அடியில், அதனைத் தாங்கிய இரும்புக் கோலை முறித்தெடுத்த வடு கரகரப்பாயிருக்கும். அவ்வடு மேசையைக் கீறாதிருத்தற்கே பழைய கிண்ணங்களின் பாதம் நடுவில் உயர்ந்துள்ளது. கைக்குக் கனமாயும் தட்டினால் நீள ஒலிப்பதாயும் இருப்பின் அது ஈயக் கண்ணாடி. இதற்குரிய தனியுரிமையை இங்கிலாந்தில் ரேவன்ஸ்குரொவ்ட் 1674இற் பெற்றார். 1745இல் அந்நாட்டு அரசு கண்ணாடிக்கு எடைப்படி வரி விதித்தது. கிண்ணங்களின் தண்டு மெலியத் தொடங்கியது. கலையின் மாற்றத்துக்குக் கலைஞனே காரணமாதல் வேண்டுவதில்லை, வரியாளனும் காரணமாவான். வெறுங் கண்ணாடி ஊதாவாக மாறியிருப்பின், நிறம் நீக்கச் சேர்த்த மங்கனீசு நெடுநாள் வெயில் பட்டது என்று கொள்க. இத்தகைய வீட்டுப் பொருளைச் சேர்ப்பதிற் குற்றமில்லை. யார் வீட்டில், எத்தனை தலைமுறை இருந்தது என்பதையும் எழுதிவைத்தால் அதன் மதிப்பு மிகும்.

மாந்தை மேட்டின் மணி அவ்வாறன்று. 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, நிலத்தில் மறைந்து கிடக்கும் தொல்பொருள் அரசின் உடைமை. உரிமமின்றி அகழ்தல் குற்றம். 1815 மார்ச்சு 2ஆம் நாளுக்கு முற்பட்டன அச்சட்டத்தில் தொல்பொருள் எனப்படும். மாணவர் விளையாட்டாகவும் யாத்திரிகர் நினைவுப் பொருளாகவும் பொறுக்கிச் செல்லும் சிறு மணிகள் பலரது மேசைக் குப்பிகளில் நிறைந்துள்ளன. ஒரு குப்பியில் நூறு மணிகள் கலந்தபின் எதற்கும் ஊரில்லை, காலமில்லை, அயல் இல்லை. எத்துணை வல்ல இரசாயன ஆய்வும் அவற்றின் மண்படையை மீட்டுத்தர மாட்டாது. தனியொரு சிறு பொருளும் படையிற் கிடந்தால் எவ்வளவு பேசும் என்பதை 2009-10இல் மீண்டும் நிகழ்ந்த அகழ்வு காட்டியது. அதில் கிடைத்த ஒரேயொரு கிராம்பு, கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட படையிற் கிடந்தமையால், மொலுக்காத் தீவுகளுக்கும் மாதோட்டத்துக்கும் இடையிருந்த வாணிகத்துக்குச் சான்றாயிற்று. அதே கிராம்பு யாரோ ஒருவர் சட்டைப்பையிற் கிடந்திருப்பின் வெறுங் கிராம்பேயாம். மேட்டின் மேற்பரப்பில் மணியைக் காணும் ஆசிரியர், மாணவர்க்கு அதனைக் கிடந்த இடத்திலேயே காட்டி, படமெடுத்து, தொல்பொருட்டிணைக்களத்துக்கு அறிவித்தல் தக்கது. அகழப்பட்ட குழிகள் சிலவே. மேட்டின் பெரும்பகுதி இன்றும் தொடப்படாது கிடக்கின்றது.