ஆவி புகைத்தல்

முதன்முறை சிகரெட்டுப் புகைப்பவன் இருமுகின்றான். தொண்டை அக்காரத்தைப் பொறுப்பதில்லை. அவ்விருமலை இயற்கை நிறுத்திய வாயிற்காவலன் என்றே யாம் கருதுகின்றோம். 2015-இல் அமெரிக்க ஐக்கிய நாட்டில் விற்பனைக்கு வந்த ஜூல் என்னும் விரலளவுக் கருவி அக்காவலனை உறங்கச் செய்தது. அது நிகோடின் திரவத்தை மின்சாரத்தாற் சூடேற்றி ஆவியாக்குவது. அத்திரவத்திற் கலந்த பென்சாயிக் அமிலம் காரத்தைத் தணித்தமையின், மிகுதியான நிகோடினும் உறுத்தாமல் உள்ளே சென்றது. மாம்பழச் சுவையும் கூட்டினர். அது முதியோரை எண்ணிக் கூட்டியதென நம்புதல் எமக்கு அரிது. பள்ளிச் சிறுவர் பலர் அதனை வெறும் நீராவி என்றே எண்ணி உறிஞ்சினர்.

கஞ்சாச் சத்தின் எண்ணெயையும் இவ்வாறே உறிஞ்சலாயினர். கள்ளச்சந்தையார் அவ்வெண்ணெயில் வைட்டமின் ஈ அசிட்டேட்டைக் கலந்தனர். கலப்படச் சரக்கும் கெட்டியாய்த் தோன்றுமன்றோ! உண்பதற்கும் தோலிற் பூசுவதற்கும் பெரும்பாலும் தீங்கற்ற பொருள் அது. நுரையீரலின் செய்தி வேறு. 2019-இல் கடிய நுரையீரல் நோயொன்று அந்நாட்டிற் பரவ, நோயாளரின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் ஆய்வாளர் அப்பொருளைக் கண்டனர். 2020 பிப்ரவரிக்குள் நோயுற்றோராகக் கணக்கிடப்பட்டவர் 2,807 பேர். இறந்தோர் 68 பேர். நோயுற்றோருள் நூற்றுக்கு 15 பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர். புகையிலைப் பொருள் வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தி 2019 டிசம்பரில் அந்நாட்டார் சட்டம் செய்தனர். கள்ளச்சந்தையில் வயது கேட்பவர் யாவர்?